மகளின் பட்டமளிப்பு: லயத்து வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது எப்படி?

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மகளுக்கு அடுத்த மாசம் பேராதனை கெம்பஸ்ல பட்டமளிப்பு. எங்க லயத்துல, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகள்ல, கெம்பஸ் முடிக்கிற முதல் பிள்ளை. ஆண்டவருக்கு நன்றி சொல்லி வீட்டு வாசல்லயே ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கணும். இடம் ஹட்டன் பக்கம். 80 பேர் வரைக்கும் வருவாங்க, பாதிப் பேர் இந்துக்கள். நாலு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாய் நான்தான் சாட்சி (ஆண்டவர் செஞ்ச நன்மையைக் கூட்டத்துல சொல்றது) சொல்லணும்னு எங்க சபைப் போதகர் ஐயர் சொல்லிட்டார். பெருமையடிக்கிற மாதிரி இல்லாம எப்படிச் சொல்றது? எதிர்த்த காம்பரா, அதாவது எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இந்த முறை கெம்பஸ் போற வெட்டுப்புள்ளி கிடைக்கல்ல. அந்தத் தாயும் வருவாங்க.

ரெண்டாவது, மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினப்ப "பாஸ் பண்ணினா கோயிலுக்கு ஒரு பவுன் போடுறேன்"னு பொருத்தனை பண்ணினேன். இன்னைக்கு விலைக்கு அது முடியல்ல. காதுத் தோட்டை அடகு வச்சுக் கொடுக்கலாமா?

மூணாவது, 80 பேருக்கு என்ன கொடுக்கிறது, எவ்வளவு வாங்குறது? நாலாவது, எந்த நாள், எத்தனை மணிக்கு?

---

உபதேசியார்_மேல்டிவிசன் எழுதியது:

அக்கா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தைத் திறந்து 5ஆம் வசனத்திலிருந்து 10 வரை இரண்டு தடவை சத்தமாக வாசியுங்கள். முதற்கனியைக் கூடையில் கொண்டுவருகிறவன் கூடையைக் கொடுத்தபின் என்ன பேசவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிற இடம் அது. அவன் "நான் நட்டேன், நான் தண்ணீர் பாய்ச்சினேன்" என்று தொடங்குவதில்லை. என் தகப்பன் அலைந்து திரிந்தவன் என்ற கருத்தோடு தொடங்குகிறான். கொஞ்சம் பேராக எகிப்துக்குப் போனோம், கடினமாக வேலை வாங்கினார்கள், கூப்பிட்டோம், அவர் பார்த்தார், கொண்டுவந்தார், இதோ கனி. ஆறே வசனம். பெருமை உள்ளே வராததற்குக் காரணம், கனியைப் பற்றிய பேச்சு கடைசி வசனத்தில்தான் வருகிறது.

அதே வரிசையில் உங்கள் சாட்சியை எழுதுங்கள். முதலில் முன்னோர். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். 1914க்குப் பிறகு வந்தவர்கள் என்றால் தலைமன்னாரிலிருந்து ரயில். உங்கள் குடும்பத்துக்கு எது உண்மையோ அதை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "கடல் தாண்டி வந்தவர்கள்" என்றாலே போதும். அடுத்தது கஷ்ட காலம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் அங்கே பாதி இங்கே பாதி என்று பிரிந்த குடும்பங்கள், 2003 குடியுரிமைச் சட்டம் வரும்வரை காத்திருந்தவர்கள் என்று கூட்டத்தில் பல வீட்டாரும் இருப்பார்கள். இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல, அவர்களுடைய கதையும்கூட. அதனால் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அந்த வரியில் எல்லோரும் உங்களோடு நிற்பார்கள். மூன்றாவது, கர்த்தர் யார் யார் கையைக் கொண்டு உதவினார் என்பது. நான்காவது, "இதோ ஆண்டவரே, இந்தப் பிள்ளை". அவ்வளவுதான்.

மூன்றாவது பகுதியில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். "எல்லாம் ஆண்டவர் செய்தார்" என்று சொல்லி மனிதர்களை விட்டுவிடுவது ஒரு பிழை. முதலாம் வகுப்பில் எழுத்துப் பழக்கிய ரீச்சர், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பார்த்துக்கொண்ட ஆயா, வினாத்தாள் கொடுத்த அண்ணன்மார் என்று பெயரோடு ஐந்தாறு பேரைச் சொல்லுங்கள். பொதுமக்கள் காசையும் சேருங்கள். இலவசக் கல்வி, மகாபொல உதவித்தொகை கிடைத்திருந்தால் அதுவும். பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மகள் எந்தப் பிரிவில் போனார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடும் தேவன் தந்த வாசல்தான். மறுபக்கத்துப் பிழை, மனிதர்களை மட்டும் அடுக்கிப் பொன்னாடை போர்த்திக் கூட்டத்தைப் பாராட்டு விழாவாக மாற்றிவிடுவது.

எதிர்த்த காம்பராத் தாயைப் பற்றி நீங்கள் நினைத்தது மிக நல்லது. "எங்கள் ஜெபத்தைக் கேட்டார்" என்ற வாக்கியத்தை அவர் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "உன் ஜெபத்தைக் கேட்கவில்லை" என்றுதான் அங்கே விழும். அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபித்தவர்கள் உண்டு. அதனால் "கேட்டார்" என்பதற்குப் பதில் "தந்தார்" என்று சொல்லுங்கள். புள்ளி, வகுப்புச் சித்தி (பட்டத்தின் தரம்), எத்தனையாவது இடம், ஒன்றும் வேண்டாம். கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கவும் வேண்டாம், அது ஆறுதலாகாது, அம்பலமாகிவிடும். மூன்று நாலு நாள் முன்னாலேயே நீங்கள் தனியாகப் போய் வாயால் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அளவு: 4 நிமிடம். தமிழில் நிதானமாகப் பேசினால் 350 சொல்லுக்கு மேல் போகாது, சிஆர் நோட்டுக் கொப்பியில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். எழுதியதை மகளிடம் காட்டி, அவர் வேண்டாம் என்கிற வரியை வெட்டிவிடுங்கள். வீட்டுக் கஷ்டம், வருத்தம், தகப்பனின் பழக்கவழக்கம் இதெல்லாம் மகளுடைய சம்மதமில்லாமல் வெளியே வரக்கூடாது. மேடையில் அழுகை வந்தால் நிறுத்தி, "கர்த்தர் எனக்குச் செய்தருளின எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்" என்ற சங்கீதம் 116:12ஐ வாசித்து உட்கார்ந்துவிடலாம். அதுவே முழுச் சாட்சி.

கூட்டம் மொத்தம் 45 நிமிடம். பாட்டு, தொடக்க ஜெபம், சங்கீதம் 136, உங்கள் சாட்சி, மகள் 2 நிமிடம், ஐயரின் தேவசெய்தி 12 நிமிடம், ஸ்தோத்திர ஜெபம், பாட்டு, ஆசீர்வாதம். 136ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும், பாட்டுப் புத்தகம் இல்லாதவர்களும் இரண்டாம் வசனத்திலேயே சேர்ந்துகொள்வார்கள். 26ம் நீளம் என்றால் 1 முதல் 9, பிறகு 23 முதல் 26. "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்று வருகிற 23ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அங்கிலிக்கன் சபையென்றால் ஜெபப் புத்தகத்தில் பொதுவான ஸ்தோத்திர ஜெபம் இருக்கிறது, 1662இல் ஆங்கில ஜெபப் புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. படைப்பு, பாதுகாப்பு, இம்மைக்குரிய நன்மைகள், அவை எல்லாவற்றுக்கும் மேலாக மீட்பு, பிறகு வாயினால் மட்டுமல்ல வாழ்க்கையினாலும் துதிக்கும் கிருபை. பட்டம் இதில் மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. அதுதான் சரியான இடம். ஐயரிடம் அதைச் சபையோடு சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

---

தோட்டத்துச்சபை எழுதியது:

பொருத்தனை பற்றி. அடகு வைக்காதீர்கள். வட்டி ஓடும் தோட்டைக் கொண்டு ஆண்டவருக்குக் கடன் தீர்க்கச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. வாரக் கடனும் எடுக்க வேண்டாம். ஒரு கூட்டத்துக்காக எடுத்த கடனை ஒரு வருஷம் கட்டுகிற வீடுகள் நம்மிடத்தில் இருக்கின்றன.

ஆனால் "ஆண்டவருக்குத் தெரியும்" என்று விட்டுவிடவும் முடியாது. பிரசங்கி 5:4-5 தெளிவாக இருக்கிறது: நேர்ந்ததைச் செலுத்தத் தாமதிக்காதே, நேர்ந்துகொண்டு செலுத்தாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பது நலம். அத்தோடு நீங்கள் நேர்ந்தது பட்டத்துக்கல்ல, ஏ.எல். பாஸுக்கு. அப்படியென்றால் அது சில வருஷமாகவே நிற்கிறது. ஆகவே கூட்டத்துக்கு முன்னால் இதை முடிக்கப் பாருங்கள்.

வழியும் வேதத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி பொருத்தனையின் மதிப்பைப் பற்றியது. அதில் 8ஆம் வசனம், மதிப்பின்படி கொடுக்க முடியாத ஏழை ஆசாரியனிடம் வரவேண்டும், அவனுடைய சக்திக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பிடவேண்டும் என்கிறது. யார் குறைப்பது என்று கவனியுங்கள். நேர்ந்தவர் தானே குறைத்துக்கொள்வதில்லை. ஐயரிடம் தனியாகப் போய், என்ன நேர்ந்தீர்கள், இப்போது மாதம் எவ்வளவு முடியும் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஒரு தொகையைத் தீர்மானிப்பார். ஒரேயடியாக முடியாவிட்டால் சம்பளத்துக்குச் சம்பளம் சிறு தொகையாக, சபைக் கணக்கில் எழுதி, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ரசீது கையில் வந்த அன்று அது முடிந்தது. பவுன் விலை ஏறியதா இறங்கியதா என்று பிறகு பார்த்து மனதை வருத்த வேண்டாம்.

கூட்டத்தில் இதைச் சொல்லவே வேண்டாம். சொன்னால் அடுத்த வருஷம் ஏ.எல். எழுதுகிற ஐந்து பிள்ளைகளின் தாய்மார் ஐந்து பவுன் நேர்ந்துகொள்வார்கள்.

உபதேசியார் உபாகமம் 26ஐச் சொன்னார். 11, 12ஆம் வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். கொண்டாட்டத்தில் பரதேசிக்கும் பங்கு, தசமபாகம் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். காசில்லாமலும் இதைச் செய்யலாம்: மகளுடைய ஏ.எல். குறிப்புக் கொப்பிகள், கடந்தகால வினாத்தாள்கள். எதிர்த்த காம்பராப் பிள்ளை திரும்ப எழுதுவதாக இருந்தால் அவை போக வேண்டிய வீடு அதுதான். கூட்டத்தில் வைத்துக் கொடுக்காமல், ஒரு வாரம் கழித்து மகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

---

பண்டாரவளை_பங்கு எழுதியது:

கத்தோலிக்கர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சுருக்கமாக. நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல்தான், ஆகவே வீட்டுக் கூட்டத்துக்கு முன் திருப்பலி (பூசை). பங்கு அலுவலகத்தில் குறைந்தது இரண்டு வாரம் முன்னால், பூசை எதற்காக என்ற கருத்தை எழுதிக்கொடுங்கள். தோட்டத்துச் சிற்றாலயங்களில் பூசை எப்போதாவதுதான் என்பதால் அந்தத் தேதி பிந்தினால் பங்குக் கோயிலில் வாரநாள் பூசைக்குக் கேளுங்கள். காணிக்கை பவனியில் அப்பமும் இரசமும், ஏழைகளுக்கான பொருளும் போகலாம். பட்டச் சான்றிதழைப் பீடத்தின் மேல் வைக்கக் கேட்காதீர்கள், திருப்பலிக்குத் தேவையானவை மட்டுமே பீடத்தில் இருக்கவேண்டும் என்பது ஒழுங்கு. ஏழைகளுக்குக் கொண்டுவருவதும் பீடத்துக்கு வெளியே ஓர் இடத்தில்தான் வைக்கப்படும். விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு மன்றாட்டு மகளுக்காக என்றால், இன்னொன்று படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்காக இருக்கட்டும். தவக்காலமாக இருந்தால் பூ அலங்காரம் வேண்டாம். நன்றிப் பாட்டுக்கு மரியாவின் பாடல், லூக்கா 1:46-55, அதைவிடப் பொருத்தமானது இல்லை. தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று ஒரு தாய் பாடியது.

---

குசினிக்கணக்கு எழுதியது:

அக்கா, 80 பேருக்குச் சோறு வேண்டாம். தேத்தண்ணி, அவித்த கொண்டைக்கடலை, கேக், வாழைப்பழம் போதும். ஜெபக் கூட்டத்தில் சோறு போட்டால் வீட்டுப் பெண்கள் ஒருவரும் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள், எல்லாரும் குசினியில்தான். தாய் சாட்சி சொல்கிற கூட்டத்துக்கு அது பொருந்தாது.

கடலை: ஆளுக்கு 50 கிராம் காய்ந்த கடலை, ஆகவே 4 கிலோ. தேங்காய் 3, வெங்காயம் 1 கிலோ, செத்தல் மிளகாய் 100 கிராம், கடுகு, கறிவேப்பிலை. நம் பக்கத்தில் கடலை சரியாக வேகாமல் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று குளிர்ந்த தண்ணீரில் ஊறல் மெதுவாக நடக்கும், 8 மணித்தியாலம் போதாது, முந்தின நாள் பின்னேரமே வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். இரண்டாவது உயரம். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94 அளவில். எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. பிரஷர் குக்கர் இரண்டு மூன்று கேட்டு வாங்கிப் பிரித்து அவியுங்கள். உப்பு கடலை மெத்தென்று ஆன பிறகு.

தேத்தண்ணி: சிலர் இரண்டாம் தரம் கேட்பார்கள், 100 கோப்பை என்று வையுங்கள். 150 மில்லி வீதம் 15 லீற்றர். தேயிலைத் தூள் 250 கிராம், சீனி 1 கிலோ, 400 கிராம் பால்மா 4 பக்கற். பால்மாவைக் கொதிக்கிற தேத்தண்ணியில் நேரே கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் ஆறின வெந்நீரில் கூழ்போலக் கரைத்து, வடித்து, பிறகு சேருங்கள். சீனி வருத்தக்காரருக்கு (நீரிழிவு உள்ளவர்களுக்கு) சீனி போடாமல் ஒரு கேத்தல் தனியாக.

பட்டர் கேக் 3 கிலோ, கிலோவுக்கு 27, 28 துண்டு. முட்டை இருக்கிறது என்று சைவக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்குத்தான் வாழைப்பழம். இறைச்சி ரோல்ஸ் எதுவும் வேண்டாம். பாதிப் பேர் இந்துக்கள், யார் எதைத் தொடமாட்டார்கள் என்று அந்த நேரத்தில் விசாரிக்க முடியாது.

நாள்: பட்டமளிப்பு முடிந்த பிறகு வரும் ஞாயிறு, முடிந்தால் 10ஆம் திகதிச் சம்பளத்துக்குப் பின். சனிக்கிழமை வைத்தால் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர 5 மணி தாண்டும். நேரம் காலை ஆராதனை முடிந்து 11 மணி. பின்னேரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் மழை: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் எந்த நேரமும் மழைதான், அப்போது வாசலை நம்பாமல் பிள்ளைக்காம்பராவைக் கேளுங்கள். அதற்குத் தோட்டத்து மேலாளர் தொரையிடம் ஒரு கடிதம், ஒரு வாரம் முன்னால். தறப்பாள் (தார்ப்பாய்) கட்டினால் நடுவில் உயரக் கம்பு கொடுத்துச் சரிவாகக் கட்டுங்கள், தட்டையாகக் கட்டினால் தண்ணீர் தேங்கி ஆட்கள் மேலேயே கொட்டும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 80 பேருக்கு அது தேவையே இல்லை. லயத்தில் சுவர் பொது, அடுத்த காம்பராவில் நோயாளியோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ இருக்கும்.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயர்கிட்ட பொருத்தனையைப் பத்தி இந்தக் கிழமையே பேசுறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். அடுத்த லயத்து அப்பாயி மகளுக்கு மாலை போட்டு, திருநீறு பூசி ஆசீர்வாதம் பண்ணணும்னு ஆசையா இருக்காங்க. சின்னதுல இருந்து தூக்கி வளர்த்தவங்க, மறுத்தா மனசு நோகும். மத்தது, மகள் அந்தக் கறுப்பு அங்கியோட கூட்டத்துல நிக்கலாமா, சேர்ட்டிபிக்கட்டை மேசையில வைக்கலாமா?

---

தோட்டத்துச்சபை எழுதியது:

அங்கி வாடகைக்கு எடுத்ததென்றால் குறித்த நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும், பிந்தினால் முற்பணத்தில் வெட்டுவார்கள். அதனால் அங்கிப் படம் எல்லாம் பேராதனையிலேயே எடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு மகள் சேலையில் நிற்பதே அழகு. மண்டபத்துக்குள் அழைப்பு அட்டை இல்லாமல் விடமாட்டார்கள், எத்தனை அட்டை என்று மகளிடம் இப்போதே கேட்டு யார் உள்ளே, யார் வெளியே என்று வீட்டில் பேசி முடியுங்கள். பெயர் வாசித்து மேடையைக் கடக்கச் சில வினாடிதான். அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிக்காமல் கண்ணால் பாருங்கள், படத்துக்கு அங்கே படப்பிடிப்பாளர் இருப்பார்.

சான்றிதழின் மூலப்பிரதியைக் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். மெழுகுதிரி, தேத்தண்ணி, பிள்ளைகள். பிரதி ஒன்றை வையுங்கள். மூலத்தை லெமினேட் பண்ணக்கூடாது, வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ உறுதிப்படுத்தக் கொண்டுபோகும்போது முத்திரை வைக்க முடியாமல் சிக்கலாகும். நம் பக்கத்துப் பனியில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும், பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, சுவரோடு ஒட்டாத இடத்தில், தட்டையாக வையுங்கள்.

---

உபதேசியார்_மேல்டிவிசன் எழுதியது:

அப்பாயி விஷயம். மாலை மரியாதை, அதை மகள் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். திருநீறு அவர்களுடைய வழிபாட்டுப் பொருள், அதைப் பற்றிக் கூட்டத்துக்கு முந்தின நாளே மகள் அப்பாயி வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துப் பேசவேண்டும். "அப்பாயி, நீங்க தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க, அது போதும் எனக்கு" என்று சொன்னால் அவருக்குப் புரியும். கூட்டத்தின் நடுவில் அவர் கையை நீட்டிய பிறகு முகத்தைத் திருப்பினால்தான் மனம் உடைந்துபோகும். ஆசீர்வாத ஜெபம் முடிந்து, தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு நேரம் வையுங்கள். அப்பாயியை முன்வரிசையில், வெயில் மழை படாத இடத்தில் உட்கார வைத்து, மகள் முழங்காலிட்டு அவர் கையை வாங்கட்டும். உங்கள் சாட்சியின் மூன்றாவது பகுதியில் அவர் பெயரும் வரவேண்டும்.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

கொப்பியில எழுதத் தொடங்கிட்டேன். முதல் வரியிலேயே நிக்கிது. தாத்தா எந்த ஊர்ல இருந்து வந்தார், எங்க இறங்கினார்னு வீட்டுல ஒருத்தருக்கும் சரியாத் தெரியல்ல. பெரியத்தைதான் மிச்சம் இருக்காங்க, மேல் கணக்குல (தோட்டத்து மேல் பிரிவுல). ஞாயித்துக்கிழமை போறேன்.

---

உபதேசியார்_மேல்டிவிசன் எழுதியது:

போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், எழுதுவதை அவர் எழுதட்டும். தாத்தாவின் முழுப்பெயர், தமிழ்நாட்டில் மாவட்டமும் கிராமமும், அவரைக் கூட்டிவந்த கங்காணியின் பெயர், முதல் தோட்டத்தின் பெயர், இவ்வளவும் கேளுங்கள். பெரியத்தையின் பெட்டியில் பழைய துண்டுச் சீட்டு, பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பதிவில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருக்கக்கூடும். கடதாசி உடைகிற நிலையில் இருந்தால் விரிக்காமல், தெரிகிற பக்கத்தை மட்டும் படம் எடுங்கள்.